பூனை இருமினால்... (சீகூர் வழியாக ஒரு புழுக் கதை)

இதயப் புழு என்றால் எல்லாருக்கும் நாய்தான் ஞாபகத்துக்கு வரும். பூனைக்கும் அது வரும்னு சொன்னா ஊர்ல சிரிக்கிறாங்க. அவங்களைக் குத்தம் சொல்லி பிரயோஜனமில்லை. இந்தப் புழுவோட வரலாறு முழுக்க நாயையும் மனுஷனையும் வச்சே எழுதப்பட்டது. தெருப்பூனை எப்படி விட்டுப் போச்சுங்கறதுதான் மேட்டர்.

1856ல் அமெரிக்காவில் ஜோசப் லெய்டி என்பவர் நாயின் இதயத்தில் இருந்த புழுவுக்கு 'இம்மிடிஸ்'னு பேர் வச்சார். லத்தீனில் 'கொடியது'ன்னு அர்த்தம். அது எப்படி உள்ளே போகுதுன்னு அப்போ யாருக்கும் தெரியாது.

1877ல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன், யானைக்கால் நோய்ப் புழு கொசுவுக்குள் வளர்வதைப் பார்த்தார். பெரிய கண்டுபிடிப்பு! ஆனால் கொசு தண்ணீரில் செத்து விழ, அந்தத் தண்ணீரைக் குடிச்சுத்தான் புழு நமக்கு வருதுன்னு நினைச்சுட்டார். பாதிக் கிணறு தாண்டின கதை.

மேன்சன் கடிதம் எழுதி எழுதியே வழிகாட்டிய ஆள்தான் ரொனால்ட் ராஸ். இவர் கதையில் நம்ம நீலகிரி வருது. 1897 ஏப்ரலில் ஊட்டிக்கு வந்த ராஸ், மலேரியாவைத் தேடி சீகூர் மலைப்பாதையில் இறங்கினார். மலேரியாவே அவரைத் தேடி வந்துடுச்சு, படுத்துட்டார் :-) ஆனால் இறக்கையில் புள்ளி போட்ட கொசு அங்கேதான் கண்ணில் பட்டது. அதே வருஷம் ஆகஸ்ட் 20ல் செகந்திராபாத்தில், அந்த மாதிரிக் கொசுவின் வயிற்றில்தான் மலேரியாக் கிருமியைக் கண்டார்.

அதுக்கப்புறம் வேகம்தான். 1900ல் இத்தாலியில் கிராஸியும் நோயேயும், நாயின் இதயப் புழு கொசு கடிச்சுத்தான் பரவுதுன்னு காட்டினாங்க. அதே வருஷம் லண்டனில் ஜார்ஜ் லோ, யானைக்கால் புழுவைக் கொசுவின் வாய்க்குழாயிலேயே பார்த்தார். மேன்சனோட மீதிக் கிணறும் தாண்டியாச்சு.

இதில் எமரால்டுக்கு என்ன சம்பந்தம்? குளிர். கொசுவுக்குள் இருக்கும் இதயப் புழுக் குஞ்சு 14 டிகிரிக்குக் கீழே வளராது. 27 டிகிரியில் சுமார் ரெண்டு வாரத்தில் தயாராகிடும். ஊட்டி பக்கம் வருஷ சராசரியே அந்த 14ஐ ஒட்டித்தான். கொசுவோட ஆயுசு முடியறதுக்குள்ள புழு வளர்ந்தாகணும். அதனால எங்க ஊர் குளிர் ஒரு வேலி மாதிரி. சீகூர் பாதையில் மசினகுடி பக்கம் இறங்க இறங்க அந்த வேலி இல்லை.

சரி, பூனை ஏன் கணக்கில் வரலை? நாயின் உடம்பில் புழு டஜன் கணக்கில் வளரும், ரத்தத்தில் குஞ்சு விடும், சோதனையில் மாட்டும். பூனையின் உடம்பு பெரும்பாலான புழுக்களை வளரும்போதே கொன்னுடும். தப்பிப்பது ஒண்ணு ரெண்டுதான். வழக்கமான சோதனை வளர்ந்த பெண் புழுவைத்தான் பிடிக்கும். அதனால் பூனைக்கு 'இல்லை'ன்னே ரிசல்ட் வரலாம். ஆனால் செத்த குட்டிப் புழுக்கள் நுரையீரலைப் புண்ணாக்கிடும். பார்க்க அப்படியே ஆஸ்துமா மாதிரி இருக்கும். பெரிய புழு ஒண்ணு செத்தாலே பூனை திடீர்னு போய்ச் சேர்ந்துடலாம். நாய்க்குப் புழுவைக் கொல்லப் போடும் ஊசி பூனைக்கு ஆகாது. சிகிச்சையை விட தடுப்புதான் ஒரே வழி.

தடுப்பு மருந்தும் முதலில் நாய்க்குத்தான் வந்தது. ஜப்பான் மண்ணில் ஓமுரா எடுத்த நுண்ணுயிரிலிருந்து பிறந்த ஐவர்மெக்டின், 1987ல் நாய்களுக்கு மாத்திரையானது. அதுக்காக ஓமுராவுக்கும் காம்ப்பெலுக்கும் 2015ல் நோபல். பூனைக்கான மருந்து பின்னாடிதான். (நாய் மாத்திரையை உடைச்சுப் பூனைக்குக் கொடுத்துடாதீங்க, அளவு வேற!)

இந்தியாவில் இதயப் புழு அதிகம் பதிவானது வடகிழக்கு நாய்களிடம். கேரளா பக்கம் அதோட பங்காளி 'ரெப்பென்ஸ்'தான் ஜாஸ்தி. தோலுக்கடியில் வாழும், மனுஷன் கண்ணிலும் தென்பட்டிருக்கு.

லைன் வீட்டுத் திண்ணையில் பூனை இருமினா 'பனி ஒத்துக்கலை'ன்னு சொல்லிட்டுப் போயிடுவோம். எமரால்டில் அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கலாம். ஆனா மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ இருமுற தெருப்பூனைக்கு வேலி கிடையாது, மாத்திரை வாங்கித் தர ஆளும் கிடையாது. நீங்க சோறு வைக்கிற பூனை இருமிக்கிட்டே இருந்தா, ஒரு தடவை கால்நடை மருத்துவர்கிட்ட இந்தப் புழு பேரையும் சொல்லிக் கேளுங்க மக்களே.