ஓவர்ஸ்கேன்

ஓவர்ஸ்கேன் என்பது, தொலைக்காட்சிப் பெட்டி தனக்கு வரும் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி அதன் நான்கு ஓரங்களையும் திரைக்கு வெளியே தள்ளிவிடும் முறை. திரைப்படமோ செய்தியோ பார்ப்பவருக்கு இந்த இழப்பு தெரியாது. அதே டிவியைக் கணினித் திரையாக்கினால் டாஸ்க்பாரும், சாளரங்களை மூடும் பொத்தானும் கண்ணுக்கு எட்டாமல் போகும்.

தோற்றம்

பிக்சர் டியூப் காலத்தில் இது ஒரு தேவை. எலெக்ட்ரான் கற்றை திரையை வரிவரியாக வருடிப் படத்தை வரைந்தது. மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும், உள்ளிருக்கும் பாகங்கள் பழசானாலும் படம் சுருங்கி விளிம்பில் கறுப்புப் பட்டை தெரியும். அதை மறைக்கவே படம் கண்ணாடியின் எல்லையைத் தாண்டி விரியுமாறு பெட்டிகள் அமைக்கப்பட்டன. எவ்வளவு வெட்டுப்படும் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறியதால், முக்கிய அசைவுகளை நடுவிலுள்ள 90 விழுக்காட்டுக்குள்ளும் எழுத்துகளை 80 விழுக்காட்டுக்குள்ளும் வைப்பது ஒளிபரப்புத் துறையின் வழக்கமாயிற்று. அகலத்திரைக்காக, திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர்களின் சங்கமான எஸ்எம்பிடிஇ 2009இல் இந்த அளவுகளை 93, 90 என உயர்த்தியது.

வீட்டுக் கணினிகள்

தொடக்க கால வீட்டுக் கணினிகள் பலவும் டிவியின் ஆன்டெனா துளை வழியாகவே இணைக்கப்பட்டன. அவற்றை வடிவமைத்தவர்கள் ஓவர்ஸ்கேனைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். 1982இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 256×192 பிக்சல் படத்தையும், கமடோர் 64 கணினி 320×200 பிக்சல் படத்தையும் அகன்ற வண்ணக் கரைக்கு நடுவே காட்டின. வெட்டுப்பட்டது கரை மட்டுமே. பிபிசி மைக்ரோவில் படத்தை மேலும் கீழும் நகர்த்தத் தனிக் கட்டளையே இருந்தது.

எச்டிஎம்ஐ காலம்

தட்டைத் திரைகளில் ஒவ்வொரு பிக்சலுக்கும் நிலையான இடம் உண்டு. ஓவர்ஸ்கேனுக்கான மூல காரணம் அங்கே இல்லை. ஆனாலும் ஒளிபரப்புப் படத்தின் ஓரக் குறைகளை மறைக்க உற்பத்தியாளர்கள் பழக்கத்தைத் தொடர்ந்தனர். 2002 டிசம்பரில் எச்டிஎம்ஐ தரம் வெளியானது. அதன் பிறகு வீடியோ பிளேயருக்கும் கணினிக்கும் ஒரே கேபிள், ஒரே 1080பி வடிவம் என்றானது. வருவது கணினிப் படம் என்று டிவிக்கு அறிவிக்கும் ஏற்பாடு தரத்தில் இருந்தும், பல பெட்டிகள் அதைப் பொருட்படுத்தவில்லை.

பக்கத்துக்கு 2.5 விழுக்காடு வெட்டினால், 1920×1080 படத்தில் இடமும் வலமும் 48 பிக்சல்களும், மேலும் கீழும் 27 பிக்சல்களும் போய்விடும். விண்டோஸ் 7இன் டாஸ்க்பார் உயரமே 40 பிக்சல்தான். எஞ்சிய 1824×1026 பகுதி திரை நிறைய இழுக்கப்படுவதால் எழுத்துகளும் மங்கும்.

தீர்வுகள்

முதல் தீர்வு டிவியின் பட அமைப்பில் இருக்கிறது. எல்ஜி இதை ஜஸ்ட் ஸ்கேன் என்றும், சாம்சங் ஸ்கிரீன் ஃபிட் என்றும், சோனி ஃபுல் பிக்சல் என்றும், ஷார்ப் டாட் பை டாட் என்றும் அழைத்தன. சில பெட்டிகளில் எச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றினாலே ஓவர்ஸ்கேன் நின்றுவிடும்.

இரண்டாவது தீர்வு கணினியில் படத்தைச் சுருக்கி அனுப்புவது. ஏஎம்டி, என்விடியா மென்பொருள்களில் இதற்கான அமைப்பு உண்டு. 2012இல் வந்த ராஸ்பெரி பை கணினியில் கான்ஃபிக் கோப்பிலேயே நான்கு ஓரங்களின் அளவையும் எழுத முடிந்தது. ஏஎம்டியின் பழைய மென்பொருள், டிவி என்று கண்டால் தானாகவே சுருக்கிவிடும். ஓவர்ஸ்கேன் இல்லாத டிவியில் அதுவே நாற்புறமும் கறுப்புக் கரையாகத் தெரிந்தது. அப்போது மென்பொருளில் அந்தச் சுருக்க அளவைப் பூஜ்யமாக்க வேண்டும்.

இரண்டில் முதல் வழியே சிறந்தது. கணினி சுருக்கி, டிவி மீண்டும் விரித்தால் படம் இருமுறை மாற்றப்பட்டு எழுத்தின் கூர்மை கெடும். ஆகவே கணினியில் டிவியின் இயல்பான தெளிவுத்திறனைத் தேர்ந்தெடுத்து, டிவியில் ஓவர்ஸ்கேனை நிறுத்திப் பார்த்த பிறகும் ஓரம் மறைந்தால் மட்டுமே கணினியில் சுருக்க வேண்டும்.