அதிகாரமில்லாத ஒருவரின் அதிகாரம்

1947 ஆகஸ்டு 15 அன்று நாம் விடுதலை பெற்றோம். ஆயினும் 1950 ஜனவரி 26 வரை, பிரிட்டிஷ் மன்னரின் பிரதிநிதியாகத் தலைமை ஆளுநர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். முதலில் மவுண்ட்பேட்டன் பிரபு. 1948 ஜூன் முதல் நம் இராஜாஜி. குடியரசு மலர்ந்த நாளில் அப்பதவி நம்மிடமிருந்து விடைபெற்றது. நம்மைப்போல் குடியரசாகாமல், முடிமன்னரையே நாட்டின் தலைவராக ஏற்றுக்கொண்ட நாடுகளில் அது தொடர்ந்தது. அவற்றுள் பல, கரீபியக் கடலில் சிதறிக்கிடக்கும் சிறு தீவுகள்.

அங்கே தலைமை ஆளுநரின் பணி என்ன? நாடாளுமன்றம் இயற்றும் சட்டங்களுக்கு அவர் இசைவளிக்கிறார். பெரும்பான்மை பெற்றவரைப் பிரதமராக நியமிக்கிறார். அவையைக் கூட்டுகிறார், கலைக்கிறார், விருதுகள் வழங்குகிறார். ஏறக்குறைய இவை அனைத்தையும் பிரதமரின் ஆலோசனைப்படியே செய்கிறார். தாமாக முடிவெடுக்கும் உரிமை அவருக்கு மிகச் சிறிதே. எனவே, இது வெறும் அலங்காரப் பதவி என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஆலோசனை சொல்ல வேண்டிய பிரதமரும் இல்லை, அமைச்சரவையும் இல்லை, நாடாளுமன்றமும் இல்லை என்னும் நிலை வந்தால், அந்த அலங்கார மனிதர் என்ன செய்வார்? இக்கேள்விக்கு விடையளிக்க வேண்டிய கட்டாயம் 1983ஆம் ஆண்டு கிரெனடா தீவில் ஒருவருக்கு ஏற்பட்டது. அவர் பெயர் பால் ஸ்கூன்.

தீவும் பதவியும்

கிரெனடாவின் பரப்பு 344 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். ஜாதிக்காய் விளையும் தீவு அது; அதன் தேசியக் கொடியிலும் ஜாதிக்காய் இடம்பெற்றுள்ளது. 1763இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறிய தீவு, 1974 பிப்ரவரி 7 அன்று விடுதலை பெற்றது. எரிக் கெய்ரி முதல் பிரதமரானார். எலிசபெத் அரசி நாட்டின் தலைவராக நீடித்தார். அவர் பிரிட்டனின் அரசி என்பதால் அன்று, கிரெனடாவின் அரசி என்னும் தனி உரிமையிலேயே அவ்வாறு நீடித்தார். இவ்வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். கிரெனடாவின் தலைமை ஆளுநர் லண்டனிலுள்ள அரசாங்கத்தின் அலுவலர் அல்லர். அதன் ஆணைக்கு உட்பட்டவரும் அல்லர்.

1978இல் அப்பதவிக்கு வந்த பால் ஸ்கூன் இத்தீவின் மைந்தர். பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கி, பின்னர் அரசுப் பணியில் உயர்ந்தவர். அவரைப் பரிந்துரைத்தவர் பிரதமர் கெய்ரி. ஆறு மாதங்கள்கூட நிறைவுறவில்லை. 1979 மார்ச் 13 அன்று, கெய்ரி வெளிநாட்டில் இருந்த வேளையில், மாரிஸ் பிஷப் தலைமையிலான 'புதிய ஜூவல் இயக்கம்' ஆட்சியைக் கைப்பற்றியது. (பிஷப் என்பது அவருடைய குடும்பப் பெயர், திருச்சபைப் பதவியன்று.) அரசமைப்புச் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. நாடாளுமன்றம் மறைந்தது.

வியப்பிற்குரிய செய்தி, புரட்சியாளர்கள் அரசியை நீக்கவில்லை என்பதே. பொதுவுடைமைக் கியூபாவோடு கைகோத்த அந்த ஆட்சி, முடிமன்னரின் பிரதிநிதியையும் அவரது மாளிகையிலேயே விட்டுவைத்தது. புதிய அரசு சொல்வதை மட்டும் செய்தால் போதும் என்பது நிபந்தனை. உலக நாடுகளின் ஏற்பும் காமன்வெல்த் உறவும் குலையாதிருக்க அப்பதவி அவர்களுக்குப் பயன்பட்டது. நான்கரை ஆண்டுகள் ஸ்கூன் அம்மாளிகையில் அமைதியாக இருந்தார். அக்காலத்தில் எழுத்தறிவுக்கும் மருத்துவத்துக்கும் நற்பணிகள் நடந்தன. விசாரணையின்றிப் பலர் சிறையில் அடைக்கப்பட்டதும், வாக்களித்த தேர்தல் வராமற்போனதும் அக்காலத்திலேயே. அவர் இருந்ததால் அந்த ஆட்சிக்குச் சட்டத்தின் போர்வை கிடைத்ததன்றோ என்று கேட்பவர்களின் கேள்வியை நாம் தள்ளிவிட இயலாது.

ஆறு நாள்கள்

1983 அக்டோபரில் ஆளும் கட்சியே இரண்டாகப் பிளந்தது. துணைப் பிரதமர் பெர்னார்ட் கோர்ட் அணியினர், அக்டோபர் 13 அன்று பிஷப்பை வீட்டுக் காவலில் வைத்தனர். 19ஆம் நாள் மக்கள் திரண்டு வந்து அவரை விடுவித்தனர். கூட்டம் தலைநகரிலுள்ள கோட்டைக்குச் சென்றது. படைவீரர்கள் கோட்டையைத் தாக்கி மீட்டனர். பிஷப்பும் அமைச்சர்கள் சிலரும் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக்கொல்லப்பட்டனர். பிஷப்பின் உடல் இருக்குமிடம் அவருடைய குடும்பத்தாருக்குத் தெரியவரவேயில்லை. அன்றே ஜெனரல் ஹட்சன் ஆஸ்டின் தலைமையில் இராணுவக் குழு ஆட்சியை ஏற்றது. நாள் முழுவதும் ஊரடங்கு. மீறி வெளியே வருபவர் சுடப்படுவர் என்று வானொலி அறிவித்தது.

பிரதமர் இல்லை. அமைச்சரவை இல்லை. நாடாளுமன்றம் இல்லை. 1974ஆம் ஆண்டின் சட்டப்படி எஞ்சி நின்ற ஒரே பதவி, தானாக எதையும் செய்ய உரிமையற்றது என்று எல்லாராலும் கருதப்பட்ட தலைமை ஆளுநர் பதவியே.

அக்டோபர் 25 விடியலில் அமெரிக்கப் படைகள் தீவில் இறங்கின. அண்டைத் தீவுகள் சிலவற்றின் வீரர்களும் உடன் வந்தனர். லண்டன் அரசாங்கத்தின் ஒப்புதல் இதற்கு இல்லை. அதற்கு முந்திய நாள்தான் அமெரிக்கப் படையெடுப்பு நிகழுமென எண்ணக் காரணமில்லை என்னும் பொருளில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் தம் நாடாளுமன்றத்தில் பேசியிருந்தார். ஆளுநர் மாளிகையில் ஸ்கூனையும் அவர் மனைவியையும் காக்கச் சென்ற அமெரிக்கச் சிறப்புப் படையினரும் முற்றுகைக்குள் சிக்கினர். மறுநாள் காலையில்தான் அவர்கள் மீட்கப்பட்டனர்.

ஒரு கடிதத்தின் தேதி

இப்படையெடுப்பு சட்டப்படி நியாயமானது என்று காட்ட முன்வைக்கப்பட்ட சான்றுகளுள் ஒன்று, ஸ்கூன் பார்படாஸ் பிரதமர் டாம் ஆடம்ஸுக்கு எழுதிய உதவி கோரும் கடிதம். அதில் இருந்த தேதி அக்டோபர் 24. ஆனால் அவர் அதில் கையொப்பமிட்டது 26ஆம் நாள், முற்றுகையிலிருந்து மீண்ட பின்னரே.

படைகள் வருமுன்னரே வாய்மொழியாக உதவி கேட்டிருந்ததாகவும், கடிதம் அதனை உறுதிப்படுத்தியது மட்டுமே என்றும் ஸ்கூன் இறுதிவரை கூறிவந்தார். தாம் நாடியது உதவியையேயன்றிப் படையெடுப்பையன்று என்றும் அவர் சொன்னதுண்டு. முடிவை முன்பே எடுத்துவிட்டவர்கள், அதற்கு ஒரு போர்வை தேடி அவர் கையைப் பயன்படுத்தினர் என்பது மறுதரப்பின் வாதம். நவம்பர் 2 அன்று ஐ.நா. பொதுச் சபை 108 வாக்குகளுக்கு 9 என்னும் கணக்கில் படையெடுப்பைக் கண்டித்தது.

நான் இங்கே நடுவராக அமர விரும்பவில்லை. ஆயினும் இரண்டை மறைக்கலாகாது. முன்தேதியிட்ட ஓர் ஆவணம், எந்த நல்நோக்கத்தோடு எழுதப்பட்டிருப்பினும், உண்மைக்குச் சிறு ஊறு செய்கிறது. அடுத்து, அந்தப் படையெடுப்பில் மனநல மருத்துவமனை ஒன்றின்மீது குண்டு விழுந்து, நோயாளிகள் பலர் மாண்டனர். வெளிப்படையின் உதவியைக் கேட்பவர் அதன் விலையையும் கேட்டே ஆகவேண்டும். அதே வேளையில், ஊரடங்கில் உறைந்துபோய், பிரதமரைச் சுட்டவர்களின் கையில் கிடந்த மக்களுக்காகப் பேசச் சட்டப்படி உரிமையுள்ளவர் வேறு யார் இருந்தார் என்ற கேள்வியும் நம்முன் நிற்கிறது. தீவினர் பெரும்பாலோர் அப்படைகளை மகிழ்ந்து வரவேற்றனர் என்பதும் வரலாறே.

திருப்பிக் கொடுத்தல்

என் மனத்தில் அக்கடிதத்தைவிட ஆழமாகப் பதிவது பின்னர் நிகழ்ந்தது. போர் ஓய்ந்ததும் நாட்டின் ஆட்சியதிகாரம் முழுவதும் அந்த ஒருவர் கையில் வந்து சேர்ந்தது. நவம்பர் தொடக்கத்திலேயே சோவியத், லிபியத் தூதரகங்களை மூடுமாறு அவர் ஆணையிட்டார். நேற்றுவரை பிறர் சொன்னதில் கையொப்பமிட்டவர், இன்று சட்டமே இயற்றும் நிலை. இத்தகைய நேரத்தில் மனிதர் பலர் தம்மை மறந்திருக்கின்றனர். 'நாடு இன்னும் தயாராகவில்லை' என்று சொல்லிச் சொல்லி ஆண்டுகளைக் கடத்தியிருக்கின்றனர்.

ஸ்கூன் அவ்வாறு செய்யவில்லை. நிக்கோலஸ் பிரத்வெய்ட் தலைமையில் ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்து, அன்றாட ஆட்சியை அதனிடம் ஒப்படைத்தார். 1984 டிசம்பர் 3 அன்று தேர்தல் நடந்தது. ஹெர்பர்ட் பிளேஸின் கட்சி 15 இடங்களில் 14ஐ வென்றது. பிளேஸ் பிரதமரானார். ஸ்கூன் மீண்டும் இசைவளிப்பவராக, ஆலோசனை கேட்பவராக, விருது வழங்குபவராகத் திரும்பினார். ஏறத்தாழ பதின்மூன்று மாதங்கள் கையிலிருந்த அதிகாரம், அதற்கு உரியவர்களிடம் திரும்பிச் சென்றது. 1992 வரை அப்பதவியில் இருந்து ஓய்வுபெற்ற அவர், 2013இல் மறைந்தார்.

கிரெனடா மக்கள் இவ்வரலாற்றை ஒரே நிறத்தில் தீட்டிவிடவில்லை. அக்டோபர் 25ஐ நன்றி நாளாகக் கொண்டாடும் அவர்களே, 2009இல் தம் பன்னாட்டு விமான நிலையத்துக்கு மாரிஸ் பிஷப்பின் பெயரைச் சூட்டினர். படையெடுப்புக்கான நன்றியும், கொல்லப்பட்ட தலைவருக்கான அன்பும் ஒரே நெஞ்சில் இடம்பெற முடியும் என்பதற்கு இத்தீவு சான்று. ஸ்கூனின் கடிதம் சென்ற பார்படாஸோ, 2021 நவம்பர் 30 அன்று குடியரசாகித் தலைமை ஆளுநர் பதவியையே முடித்துவைத்தது. கிரெனடாவும் என்றேனும் அவ்வழியே செல்லலாம். அது அவர்கள் உரிமை.

முடிமன்னரின் பிரதிநிதி உண்மையில் யாருக்குப் பிரதிநிதி? கடல்கடந்து வாழும் மன்னருக்கா, அல்லது வாயில் பூட்டிய வீடுகளுக்குள் அஞ்சி நடுங்கிய மக்களுக்கா? ஸ்கூன் மக்களையே நினைத்தார் என்று அவரது ஆதரவாளர் கூறுவர். அவர் வல்லரசின் கைக்கருவியானார் என்று எதிர்ப்பாளர் கூறுவர். அந்த ஆறு நாள்களைப் பற்றிய வழக்கு தீராது. பின்வந்த பதின்மூன்று மாதங்களைப் பற்றி அத்தகைய ஐயம் எனக்கில்லை. வீட்டுக்காரர் இல்லாத வேளையில் சாவியைக் கையில் வாங்குவது எவருக்கும் நேரலாம். அவர் திரும்பியதும் அதனை அவரிடமே ஒப்படைப்பவர், அச்சாவி தம்முடையதன்று என்பதை ஒருநாளும் மறவாதவர்.

குடும்பத்திலும், சங்கங்களிலும், நிறுவனங்களிலும் நம் கையிலும் சில சாவிகள் உள்ளன. அவற்றை வாங்கிய நாளை நாம் நன்கு நினைவில் வைத்திருக்கிறோம். திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளையும் அவ்வாறே நினைவில் வைத்திருக்கிறோமா?