பாசிமணி மாலையின் கதை

மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போனவர்கள் இவர்களைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். தோளிலும் கையிலும் கொத்துக் கொத்தாக மாலைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு பாசிமணி, ஊசிமணி விற்கும் நரிக்குறவர்கள். பேரம் பேசி மாலை வாங்குகிறோம். அந்த மாலைக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருப்பது பலருக்குத் தெரியாது.

முதலில் மணியைப் பார்ப்போம். இந்தக் கடற்கரைக்கு மணி புதிதல்ல. தெற்கே புதுச்சேரிக்கு அருகில் உள்ள அரிக்கமேட்டில் 1945ல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு கண்ணாடி மணிகளும் கல் மணிகளும் செய்யப்பட்டன. அதே வகைச் சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை கிடைத்திருக்கின்றன. கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள வசவசமுத்திரத்தில் ரோமானிய மது ஜாடித் துண்டுகள் கிடைத்தன. ஆக, செங்கல்பட்டுக் கடற்கரையும் அந்த வணிக வலையில் இருந்தது.

ஆனால் நரிக்குறவர்கள் அந்த மணிக்காரர்களின் வாரிசுகள் அல்ல. அவர்கள் வடக்கிலிருந்து வந்தவர்கள். தங்களை 'வாக்ரி' என்று சொல்லிக்கொள்கிறார்கள். வீட்டில் பேசும் வாக்ரிபோலி, குஜராத்திக்கு உறவான மொழி. அதற்கு எழுத்து கிடையாது. அவர்களின் பழைய தொழில் நரி, பறவை வேட்டை. 1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை குற்றமானது. அதுவரை பக்கத் தொழிலாக இருந்த மணி கோர்ப்பதே முழுநேரப் பிழைப்பாக மாறியது.

மாலை செய்யப் பெரிய கருவிகள் தேவையில்லை. மெல்லிய கம்பி, ஒரு குறடு, நூல், அவ்வளவுதான்! கண்ணாடி மணி, ஸ்படிகம், ருத்ராட்சம் ஆகியவற்றைக் கடையில் வாங்குகிறார்கள். சோழி, சங்கு, காட்டு விதைகளையும் சேர்த்துக் கோர்க்கிறார்கள்.

இதில் சுவாரஸ்யமான விஷயம் ஒன்று உண்டு. எதையும் விற்கத் தயாராக இருக்கும் இந்த மக்கள், ஒன்றை மட்டும் விற்கவே மாட்டார்கள். அதுதான் 'சாமி மூட்டை'. குலதெய்வத்தின் உருவமும் அம்மனுக்குப் படைத்த பழந்துணிகளும் அதற்குள் இருக்கும். தகப்பனிடமிருந்து மகனுக்கு அது தலைமுறை தலைமுறையாக வருகிறது. ஊர் ஊராக அலைந்தபோது அந்த மூட்டைதான் அவர்களுக்குக் கோயில்.

தமிழ்நாட்டுக்கு இவர்கள் நன்றாகவே தெரிந்தவர்கள். 1968ல் வந்த 'ஒளிவிளக்கு' படத்தில் எம்.ஜி.ஆரே நரிக்குறவர் வேடத்தில் ஆடினார். ஆனால் உரிமை என்று வந்தபோது? 1965லேயே லோகூர் குழு இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். இடையில் 57 ஆண்டுகள்! இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் அந்தச் சான்றிதழ் இல்லாமலே வளர்ந்துவிட்டார்கள்.

2021 அக்டோபரில் மாமல்லபுரம் ஸ்தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் தன்னை உட்கார விடவில்லை என்று பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவப் பெண் ஒருவர் பேசிய வீடியோ பரவியது. சில நாட்களில் அமைச்சர் சேகர்பாபு அதே கோயிலில் அவரோடு அமர்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளி அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கே சென்று நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா வழங்கினார்.

பட்டாவும் சான்றிதழும் கிடைத்துவிட்டன. இனி வேண்டியது பள்ளியில் பிள்ளைகளுக்கு இடமும், பந்தியில் சமமான இலையும்தான். அவர்கள் கோர்த்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொள்கிற நமக்கு, அவர்கள் பக்கத்தில் உட்கார மட்டும் ஏன் தயக்கம்?