தலைவர்களைச் சுமந்த ஹெலிகொப்டர்களும் கிழக்கின் தரைவழியும்

இலங்கை விமானப்படையின் 4ஆம் இலக்கப் படையணிக்கு உரிய தனிப்பொறுப்பு, நாட்டின் தலைவர்களையும் அரச விருந்தினரையும் வான்வழியே ஏற்றிச் செல்வதாகும். ஜனாதிபதியும் பிரதமரும் அமைச்சர்களும் வெளிநாட்டுத் தூதுவர்களும் இப்படையணியின் ஹெலிகொப்டர்களில் பறந்திருக்கிறார்கள். படையணிகளின் வரலாற்றை எழுதுவோர் இயந்திரங்களின் வகையையும் அவை பறந்த மணித்தியாலங்களையும் பட்டியலிடுவது வழக்கம். மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து பார்க்கும் ஒருவருக்கு அவற்றைவிட முக்கியமான கேள்வியொன்று உண்டு. அந்த ஹெலிகொப்டர்களில் யாருக்கு ஆசனம் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதே அது. கிழக்கின் அண்மைக்கால அரசியலில் ஒரு கணிசமான பகுதி இக்கேள்விக்கான விடையில் அடங்கியிருக்கிறது.

அரசுத் தலைவர்களை ஏற்றிச் செல்வதற்கென இராணுவத்தில் தனிப்பிரிவு வைத்திருப்பது பல நாடுகளின் வழக்கம். பிரித்தானியாவில் மன்னருக்கான விமானப் பிரிவு 1936இல் அமைக்கப்பட்டது. இந்தியா சுதந்திரம் பெற்ற சில மாதங்களிலேயே, 1947 நவம்பர் முதலாம் திகதி, விமானப்படைத் தலைமையகத் தொடர்புப் படையணி உருவாக்கப்பட்டது. டெல்லியின் பாலம் விமானத் தளத்திலிருந்து இயங்கிவரும் அப்படையணியே நேரு காலம் தொட்டு இந்தியத் தலைவர்களைச் சுமந்து வந்திருக்கிறது. 1977 நவம்பர் 4ஆம் திகதி பிரதமர் மொரார்ஜி தேசாய் பயணம் செய்த அதன் விமானம் அசாமின் ஜோர்ஹாட் அருகே வயல்வெளியில் வீழ்ந்தது. பிரதமர் உயிர் தப்பினார். முன்பகுதியில் இருந்த விமானப்படையினர் ஐவர் உயிரிழந்தனர். போலந்தின் கதை இன்னும் துயரமானது. 2010 ஏப்ரல் 10ஆம் திகதி ஸ்மொலென்ஸ்க் அருகே நிகழ்ந்த விபத்தில் ஜனாதிபதி கச்சின்ஸ்கி உட்பட 96 பேர் மாண்டனர். அதனையடுத்து, அவர்களை ஏற்றிச் சென்ற விமானப்படைப் பிரிவே 2011இல் கலைக்கப்பட்டது. ஒரு தலைவர் வான்பயணத்தில் இறந்தால் அதற்கு யார் பொறுப்பு என்று அந்த நாடு கேட்டது. பதிலுக்கு ஒரு படைப்பிரிவையே இழந்தது. இலங்கையில் அப்படி ஏதும் நடந்ததில்லை.

சிறிய படை, பல வேலைகள்

அன்றைய அரச இலங்கை விமானப்படை 1951 மார்ச் 2ஆம் திகதி தோற்றம் பெற்றது. முதல் தளபதி பிரித்தானியரான குரூப் கப்டன் பிளேடன். பயிற்சிக்கான சிப்மங்க் விமானங்களுடன் தொடங்கிய அப்படைக்கு டவ், ஹெரன் போன்ற சிறு போக்குவரத்து விமானங்களும் டிராகன்ஃப்ளை ஹெலிகொப்டர்களும் பின்னர் வந்து சேர்ந்தன. தலைவர்களுக்கென்று தனி விமானம் வைத்திருக்கக்கூடிய வசதி அக்காலத்தில் இருக்கவில்லை. வெள்ள நிவாரணம், நோயாளரை ஏற்றுதல், கடலோரக் கண்காணிப்பு, அமைச்சரின் சுற்றுப்பயணம் ஆகிய எல்லாவற்றையும் அதே சில இயந்திரங்களே செய்தாக வேண்டியிருந்தது. 1957 டிசம்பரில் தொடங்கிய பெருவெள்ளத்தின்போது அந்த வலிமை போதவில்லை. அமெரிக்கக் கடற்படையின் பிரின்ஸ்டன் கப்பல் தன் ஹெலிகொப்டர்களுடன் உதவிக்கு வந்தது.

1971 ஏப்ரல் கிளர்ச்சிக்குப் பின் பெல் ஜெட்ரேஞ்சர் ஹெலிகொப்டர்களின் முக்கியத்துவம் உயர்ந்தது. ஆயினும் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக, அவற்றில் உல்லாசப் பயணிகளை ஏற்றி வருமானம் தேட விமானப்படை முற்பட்டது. 1972இல் ஆரம்பிக்கப்பட்ட ‘ஹெலிடூர்ஸ்’ அவ்வாறு பிறந்ததே. படைவீரர், அமைச்சர், வெளிநாட்டு உல்லாசப் பயணி ஆகிய மூவருக்கும் ஒரே விமானப்படையின் ஆசனங்கள் பகிரப்பட்ட காலம் அது. 1980களின் நடுப்பகுதியில் பெல் 212, பெல் 412 வகைகளும் 1993இல் எம்.ஐ.-17 வகையும் வந்து சேர்ந்தன. பெல் 212களில் இயந்திரத் துப்பாக்கிகள் பொருத்தப்பட்டன. தலைவர்களை ஏற்றும் பணியும் தாக்கும் பணியும் காலப்போக்கில் வெவ்வேறு படையணிகளுக்குப் பிரிந்தன. தரையில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பிரிவினை தெரிய நியாயமில்லை. ஒலி ஒன்றாகவே இருந்தது.

வாவிக்கரை ஓடுபாதை

மட்டக்களப்பு விமான நிலையம் 1958 நவம்பரில் திறக்கப்பட்டது. நகருக்கு மேற்கே வாவி சூழ்ந்த நிலத்தில் அமைந்த அந்த ஓடுபாதை பொதுமக்களின் பயணத்துக்கென்றே போடப்பட்டது. கொழும்பிலிருந்து தரைவழியே முந்நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தில் இருக்கும் ஒரு மாவட்டத்துக்கு அது சிறிய வரப்பிரசாதமல்ல. 1983 மார்ச்சில் விமானப்படை அதனைப் பொறுப்பேற்றது. அதன் பின் சிவில் விமான நிலையமாக அது மீண்டும் பிரகடனப்படுத்தப்பட 2018 மார்ச் வரை, முழுதாக 35 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது.

இந்த இடைக்காலத்தில் வாவியைச் சுற்றி வாழ்ந்தோரின் பயணம் எப்படியிருந்தது என்பதை ஆரையம்பதியை வைத்தே சொல்லலாம். கிழக்கே கடல், மேற்கே வாவி, வடக்கே காத்தான்குடி, தெற்கே கல்முனைக்குச் செல்லும் வீதி. எழுவான்கரையிலிருந்து படுவான்கரையின் கொக்கட்டிச்சோலைக்குச் செல்ல வேண்டுமானால் மண்முனைத் துறைக்குச் சென்று, வாவியைப் ‘பாதை’யில் ஏறிக் கடக்க வேண்டும். போர்க்காலத்தில் அக்கரை ஒருவர் வசமும் இக்கரை மற்றொருவர் வசமுமாக இருந்தன. அரிசி மூடையுடனும் அடையாள அட்டையுடனும் வரிசையில் நின்ற விவசாயி அரை நாளில் கடந்த வாவியை, மேலே சென்ற ஹெலிகொப்டர் ஓரிரு நிமிடங்களில் கடந்தது. தலைவர்கள் வானிலும் மக்கள் தரையிலும் செல்லும் இந்த ஏற்பாடு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தபோது, தரைவழியின் அவலம் தலைவர்களின் கண்ணில் படாமற் போனதில் வியப்பில்லை.

ஊரகந்த மலையில் முடிந்த பயணம்

வான்வழி பாதுகாப்பானது என்ற நம்பிக்கைக்குக் கிழக்கு கொடுத்த மிகப்பெரிய விலை 2000 செப்டம்பர் 16ஆம் திகதி செலுத்தப்பட்டது. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் தலைவரும் துறைமுக அமைச்சருமான எம்.எச்.எம். அஷ்ரஃப் கொழும்பிலிருந்து அம்பாறை நோக்கி விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகொப்டரில் புறப்பட்டார். கேகாலை மாவட்டத்தின் அரநாயக்க பகுதியில், ஊரகந்த மலையில் அது வீழ்ந்து நொறுங்கியது. அமைச்சர் உட்பட 15 பேரும் உயிரிழந்தனர். பொதுத்தேர்தலுக்கு 24 நாட்களே இருந்தன.

சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த அஷ்ரஃபின் கட்சி 1981இல் தொடங்கப்பட்ட இடம், ஆரையம்பதிக்கு அடுத்த ஊரான காத்தான்குடி. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தோற்றத்துக்கு முன்னின்றவர் அவர். அவருடைய அரசியலை ஏற்றோரும் உண்டு, எதிர்த்தோரும் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் 1990இன் காயங்களைச் சுமந்து அருகருகே வாழ்ந்த ஒரு பிரதேசத்தில், கொழும்புடன் பேரம்பேசும் வலிமை பெற்றிருந்த கிழக்கு மண்ணின் தலைவர் அவர் என்பதை இரு சாராரும் மறுக்கமாட்டார்கள்.

அந்த இழப்பைவிட நீண்ட காலம் நீடித்தது அதனைச் சூழ்ந்த மௌனம். ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டு விசாரணை நடந்தது. எனினும் அதன் அறிக்கை மக்கள் கையில் கிடைக்கவில்லை. விபத்தா, சதியா என்ற ஐயம் கிழக்கின் தேநீர்க் கடைகளில் ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் மீண்டும் பேசப்படும் விடயமாயிற்று. போலந்தில் விசாரணையின் முடிவுகள் பகிரங்கமாக விவாதிக்கப்பட்டன, படைப்பிரிவும் கலைக்கப்பட்டது. இங்கு அறிக்கைகூட வாசிக்கக் கிடைக்கவில்லை. அமைச்சருடன் இறந்த விமானிகளினதும் பணியாளரினதும் குடும்பங்களுக்கும் அந்த விடை கடமைப்பட்டிருக்கிறது என்பதை எவரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பேச்சுவார்த்தைக்கு ஓர் ஆசனம்

2002 பெப்ரவரி 22ஆம் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானபின் இக்கதையில் எதிர்பாராத திருப்பம் ஏற்பட்டது. விமானப்படையின் எதிரிகளாக இருந்த விடுதலைப் புலிகளின் பேச்சாளர்கள், அதே விமானப்படையின் ஹெலிகொப்டர்களில் வன்னியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஏற்றிச் செல்லப்பட்டார்கள். இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1987 ஜூலை 24ஆம் திகதி சுதுமலையில் இறங்கிய இந்திய விமானப்படை ஹெலிகொப்டரில்தான் பிரபாகரன் டெல்லிப் பேச்சுக்காகப் புறப்பட்டார். ஒரு தரப்பினருக்கு இராணுவ ஹெலிகொப்டரில் ஆசனம் வழங்குவது, அத்தரப்பைப் பேசத்தக்கதாக ஏற்றுக்கொள்வதன் அடையாளமாகும். 2002ஆம், 2003ஆம் ஆண்டுகளில் அந்த ஆசனம் தடையின்றிக் கிடைத்தது.

2004 மார்ச்சில் கருணாவின் பிளவு நிகழ்ந்தபின் கிழக்கின் தரைவழி கொலைக்களமாயிற்று. 2005 பெப்ரவரி 7ஆம் திகதி, வன்னியிலிருந்து மட்டக்களப்புக்குத் தரைவழியே திரும்பிக்கொண்டிருந்த புலிகளின் மாவட்ட அரசியல்துறைப் பொறுப்பாளர் கௌசல்யனும் சகாக்களும் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே வாகனத்தில் பயணித்துக் காயமுற்ற முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் சந்திரநேருவும் மறுநாள் மரணமானார். ஐ.நா. செயலாளர் நாயகம் கோபி அனான் அக்கொலைகளைக் கண்டித்தார். கிழக்குத் தளபதிகளுக்குப் பாதுகாப்பான போக்குவரத்து வேண்டும் என்ற கோரிக்கை அதன் பின் வலுத்தது.

அக்கோரிக்கை 2006 ஏப்ரலில் நாட்டின் தலைவிதியோடு முடிச்சிடப்பட்டது. ஜெனீவாவில் இரண்டாம் சுற்றுப் பேச்சு நடக்கவிருந்தது. அதற்கு முன் கிழக்குத் தளபதிகள் வன்னி சென்று தலைமையுடன் கலந்தாலோசிக்க வேண்டும் என்றனர் புலிகள். அரசாங்கம் விமானப்படை ஹெலிகொப்டரை வழங்க மறுத்துக் கடல்வழியை முன்வைத்தது. கண்காணிப்புக் குழுவினருடன் கடற்பயணத்துக்கு ஏற்பாடானபோது, கடற்படைக் கலங்கள் உடன்வருவதாகக் கூறிப் புலிகள் பயணத்தைக் கைவிட்டனர். பேச்சு 19ஆம் திகதியிலிருந்து 24ஆம் திகதிக்குப் பிற்போடப்பட்டது; அத்திகதியிலும் நடைபெறவில்லை. 25ஆம் திகதி கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அன்றே திருகோணமலையின் சம்பூர்ப் பகுதியில் குண்டுகள் விழத் தொடங்கின.

ஒரு ஹெலிகொப்டர் கிடைத்திருந்தால் போர் தவிர்க்கப்பட்டிருக்கும் என்று சொல்வது பாமரத்தனம். அந்த ஏப்ரல் மாதத்தில் இரு தரப்பிலும் கொலைகள் மலிந்திருந்தன. போருக்கான ஆயத்தங்களும் மறைவாக இருக்கவில்லை. ஆயினும், பேச விரும்பாதவர்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டபோது, சில பேரை ஏற்றிச் செல்லும் ஒரு வாகனமே போதுமான காரணமாயிற்று என்பதை வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

தூதுவர்களும் எறிகணைகளும்

2007 பெப்ரவரி 27ஆம் திகதி, அமைச்சர் மஹிந்த சமரசிங்கவுடன் இடம்பெயர்ந்தோர் நிலைமையை ஆராய வந்த வெளிநாட்டுத் தூதுவர்கள் மட்டக்களப்பில் விமானப்படை ஹெலிகொப்டர்களில் வந்திறங்கிய வேளையில் எறிகணைகள் வீழ்ந்தன. அமெரிக்கத் தூதுவர் ரொபேர்ட் பிளேக்கும் இத்தாலியத் தூதுவர் பியோ மரியானியும் சிறு காயங்களுக்கு உள்ளானார்கள். தூதுவர்களின் வருகை தங்களுக்கு அறிவிக்கப்படவில்லை என்று கூறிய புலிகள் வருத்தம் தெரிவித்தனர். அன்று உலகச் செய்தி நிறுவனங்கள் அனைத்தும் மட்டக்களப்பின் பெயரை உச்சரித்தன. அதற்கு முந்திய வாரங்களில் வாகரையிலிருந்து கால்நடையாக வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அந்தக் கவனம் கிடைத்திருக்கவில்லை.

கடைசி ஆசனம்

இப்படை ஏற்றிச் சென்ற தலைவர்களின் வரிசையில் மிக விநோதமான பயணம் 2022 ஜூலை 13ஆம் திகதி அதிகாலையில் நிகழ்ந்தது. மக்கள் எழுச்சிக்கு அஞ்சிய ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ஷ, மனைவியுடனும் இரு பாதுகாவலருடனும் விமானப்படையின் அன்டனோவ்-32 விமானத்தில் மாலைதீவுக்குப் புறப்பட்டார். ஜனாதிபதிக்குரிய அதிகாரங்களின்படியும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியுடனும் விமானம் வழங்கப்பட்டதாக விமானப்படை அன்றே அறிக்கை வெளியிட்டது. பதவியில் இருப்பவருக்கு ஆசனம் உரியது என்ற விதி கடைசி நிமிடம் வரை காப்பாற்றப்பட்டது. அதே அரசு 2006இல் கிழக்குத் தளபதிகளுக்கு மறுத்த வசதியை ஒப்பிட்டுப் பார்ப்போர் எவ்விதத் தீர்ப்புக்கும் வரலாம். சட்டம் ஒருவரை ஜனாதிபதி என்று அழைத்தது, மற்றவர்களை அப்படி அழைக்கவில்லை என்பதும் மறுக்க முடியாத உண்மையே. ஆனால் அந்த மறுப்பின் விளைவைச் சுமந்தவர்கள் ஆசனம் கேட்டவர்கள் மட்டுமல்லர். ஹெலிகொப்டரில் ஒருபோதும் ஏறியிராத படுவான்கரை மக்களும் சுமந்தார்கள்.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. ‘பாதை’க்காகக் காத்திருந்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று மோட்டார் சைக்கிளில் சில நிமிடங்களில் வாவியைக் கடக்கிறார்கள். 2018 முதல் மட்டக்களப்பு ஓடுபாதையும் சட்டப்படி சிவில் பயணிகளுக்குரியது. எஞ்சியிருப்பது கணக்கு. மக்களின் வரிப்பணத்தில் இயங்கும் ஓர் ஆகாய வாகனத்தில் யார், எப்போது, எக்காரணத்துக்காக ஏற்றப்பட்டார், யாருக்கு ஏன் மறுக்கப்பட்டது, வீழ்ந்தபோது ஏன் வீழ்ந்தது என்ற பதிவுகள் பகிரங்கமாக வேண்டும். ஊரகந்த மலையில் மாண்ட 15 பேரைப் பற்றிய அறிக்கையிலிருந்து அதனைத் தொடங்கலாம்.