உப்பும் வெள்ளியும்: ஒளிப்பட நூற்கல்வி பற்றிப் புத்தளக் கரையிலிருந்து ஒரு நோக்கு

ஒளிப்படக்கலை குருமரபில் வளர்ந்த கலையன்று. அச்சுநூல் வழியே பரவிய கலை. 1839 இல் தாகேர் தம் முறையை விளக்கி வெளியிட்ட கைந்நூல் விரைவிலேயே பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. 1851 இல் ஆங்கிலேயரான பிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர், கண்ணாடித் தகட்டிற் கொலோடியன் பூசிப் படமெடுக்கும் ஈரத்தகட்டு முறையைச் சஞ்சிகையொன்றிற் கட்டுரையாக வெளியிட்டார்; காப்புரிமை கோரினாரல்லர். வாசிக்கத் தெரிந்தவர் எவரும் தொழில் தொடங்கலாம் என்னும் நிலை இதனால் உருவாயிற்று. ஆர்ச்சரோ 1857 இல் வறியராகவே மறைந்தார்.

ஈழத்திலும் இத்தொழிலுக்கு அச்சோடு உறவுண்டு. கொழும்பிற் புகழ்பெற்ற ஸ்கீன் நிறுவனத்தின் தொடக்கத்தில் நின்றவர் அரசாங்க அச்சகரான வில்லியம் ஸ்கீன். அவர் மகன் இலண்டனிற் பயின்று வந்து அதனை நடத்தினார். அத்தகைய வாய்ப்பற்றோர்க்கு நூலே ஆசான். யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய வைத்தியர் கிறீனின் முயற்சியால் 1875 இல் 'கெமிஸ்தம்' வெளிவந்து இரசாயனம் தமிழில் நூலுருப் பெற்றது எனினும், ஒளிப்படத் தொழில் நூல்கள் ஆங்கிலத்தினின்று எளிதில் இறங்கி வந்தில.

நாம் புத்தளம் மாவட்டக் கரையை ஈண்டு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் அதன் உப்பே. 1834 இல் இலங்கை பற்றிய கசற்றியரை வெளியிட்ட சைமன் காசிச்செட்டி கற்பிட்டியிற் பிறந்தவர். நூற்பயிற்சி இக்கரைக்குப் புதிதன்று. ஆனால் இங்கே நூலைப் படித்து ஈரத்தகட்டு முறையைக் கைக்கொள்வோன் முதலில் இடறக்கூடிய பொருள் தண்ணீர். தகட்டை ஒளியுணரச் செய்வது வெள்ளிநைத்திரேற்றுக் கரைசல். அதிற் சிறிதளவு குளோரைட்டு சேரினும் வெள்ளிக்குளோரைட்டு வெண்கலங்கலாகப் படியும். கற்பிட்டி மணற்கிணறுகளின் நீர் நாவுக்கு நன்னீராயிருக்கலாம். வெள்ளிநைத்திரேற்றின் நா மனிதனுடையதினும் கூரியது. நூல்கள் வடிநீரைப் பயன்படுத்துக எனக் கூறி அப்பாற் செல்லும். ஐரோப்பிய நகரத்தில் அது மருந்துக்கடைப் பொருள். களப்போரத்திலோ அது முதலீட்டுக் கணக்கு. வடிநீரைக் கொழும்பிலிருந்து தருவிக்கலாம். கிணற்றுநீரிற் சிறிது வெள்ளிநைத்திரேற்றை இட்டு வெயிலில் வைத்துக் கலங்கலை வடித்தெடுக்கலாம். அல்லது ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் காத்திருக்கலாம். முதல் வழிக்குப் போக்குவரத்துச் செலவு, இரண்டாவதற்கு வெள்ளி இழப்பு. மூன்றாவதற்குச் செலவில்லை, ஆயினும் கிடுகுக் கூரைநீர் உதவாது. முதல் மழை கடற்காற்றின் உப்பைக் கழுவிய பின்னர், வெளியில் விரித்த துணிவழியே பிடித்த நீரே தகும்.

எனினும் உப்பைப் பகையென்று மாத்திரம் கொள்ளுதல் பொருந்தாது. தால்பொற்றின் தொடக்ககால முறையில் நேர்ப்படத் தாளை முதலில் நனைப்பது உப்புநீரிலேதான். அதன்மேல் வெள்ளிநைத்திரேற்றைப் பூச, தாளிலேயே வெள்ளிக்குளோரைட்டு தோன்றும். ஒரு கலத்தைக் கெடுக்கும் அதே தாக்கம் மறுகலத்திற் படத்தைத் தருகின்றது.

வணிக நோக்கில் இதனினும் சிறந்த பாடம் கழிநீர் பற்றியது. நிலைப்படுத்துவதற்கு முன்னர்த் தாளைக் கழுவிய நீரிற் பெருமளவு வெள்ளி வெளியேறும். அந்நீரைத் தாழியிற் சேர்த்து உப்பிட்டால் வெள்ளி அடியிற் படியும், உருக்கி மீட்கலாம். நிலைப்படுத்திய பின்னர்க் கழுவிய நீருக்கு இது பயன்படாது. அதற்குச் சல்பைட்டு வேண்டும். இரண்டையும் ஒரே தாழியிற் கொட்டுவோன் தன் இலாபத்தின் ஒரு பகுதியையும் சேர்த்துக் கொட்டுகின்றான். உப்பு மலிந்த இக்கரையில் இம்மீட்புக்கு வேண்டிய பொருளுக்குப் பஞ்சமில்லை.

விலை குறைக்கும் வழியை 1854 இல் திஸ்தேரி காட்டினார்: ஒரே தகட்டில் எட்டுச் சிறுபடங்கள். ஒரு முழுப்படத்தின் வெள்ளிச்செலவு எட்டாகப் பகிரப்பட்டது.

பின்னர் 1871 இல் மடொக்ஸ் அறிவித்த செலற்றீன் முறை உலர்தகட்டுத் தொழிற்சாலைகளுக்கு வழிகோலிற்று. 1890 இல் வெளிவந்த இல்போட் கைந்நூல் தகடு விற்கும் நிறுவனத்தின் நூல். கற்பித்தலும் விற்பனையும் அங்கே ஒன்றாயின. நூலைக் கையிலெடுப்போன் அதனை எழுதுவித்தவர் யார் எனவும் பார்த்தல் நன்று. வெள்ளிக்கலம் மாணாக்கனின் இல்லத்தை விட்டுத் தொழிற்சாலைக்குப் போயிற்று. கிணற்றுநீர் தகட்டைக் கலக்குவது ஒழிந்தது. வெப்பத்திற் செலற்றீன் இளகுவது புதுத்தொல்லையாயிற்று. அதற்குப் படிகாரத்தை விதித்தனர். வெள்ளிக்கு இட்ட பணத்தில் ஒரு பங்கு முன்னர் உப்புத் தாழியிலிருந்து மீண்டது. தகட்டுக்குக் கொடுத்த பணமோ பெரும்பாலும் கடல் கடந்தது.