பஞ்சும் வெடிமருந்தும் ஒரே கப்பலில்: பம்பாய் 1944 முதல் நமது ஸ்டோர்கள் வரை



கொஞ்சம் நீளமான பதிவு. கடை, ஸ்டோர், லொறி வைத்திருப்பவர்களும், பிள்ளைகளை வெளிநாட்டு வேர்ஹவுஸ் வேலைக்கு அனுப்பியிருக்கும் பெற்றோரும் பொறுமையாக வாசியுங்கள்.

ஏப்ரல் 14 நமக்குப் புத்தாண்டு விடுமுறை. இந்தியாவில் அதே நாளில் தீயணைப்பு வீரர்களை நினைவுகூருகிறார்கள். 1944ஆம் ஆண்டு அந்தத் தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் நடந்ததுதான் காரணம். இரண்டாம் உலகப் போரைப் படிப்பிக்கும்போது 1942இல் கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பான் குண்டு போட்டதைச் சொல்கிறோம். பம்பாயில் ஒரு நகரத்தின் துறைமுகமே எதிரி இல்லாமல் அழிந்த கதை வகுப்பில் வருவதில்லை.

கப்பலின் பெயர் 'போர்ட் ஸ்டிகீன்'. 1944 பெப்ரவரியில் இங்கிலாந்தின் பேர்கன்ஹெட்டிலிருந்து புறப்பட்டது. உள்ளே சுமார் 1,400 தொன் வெடிபொருட்கள், போர் விமானங்கள், 31 பெட்டிகளில் தங்கக் கட்டிகள். கராச்சியில் விமானங்களும் வேறு சில சரக்குகளும் இறங்கின. இடம் காலியானது. போர்க்காலம், கப்பலுக்குத் தட்டுப்பாடு, காலி இடத்தோடு ஒரு கப்பலை அனுப்ப யாருக்கும் மனமில்லை. ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளையும், அவற்றோடு எண்ணெய், மரம், கந்தகம், மீன் உரம், பழைய இரும்பு என்று கிடைத்ததையெல்லாம் ஏற்றினார்கள். இரண்டாம் இலக்க அறையில் கீழே பஞ்சு, மேலே வெடிமருந்து.

நம்மில் யாராவது பஞ்சுப் பொதி எரிவதைப் பார்த்திருக்கிறீர்களா? சுவாலை தெரியாது. உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். மேலே தண்ணீர் ஊற்றினாலும் இறுக்கிக் கட்டிய பொதியின் நடுவுக்குத் தண்ணீர் போகாது. வெடிமருந்துக்குக் கீழே வைக்க இதைவிட மோசமான சாமான் இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை. பகல் சாப்பாட்டு நேரம் முடிந்து சரக்கு இறக்குபவர்கள் திரும்பியபோது இரண்டாம் அறையிலிருந்து புகை வந்தது. தீயணைப்புப் படை வந்தது. 900 தொன்னுக்கும் அதிகமான தண்ணீரை உள்ளே இறைத்தார்கள். புகைக்குள் தீ எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஊற்றிய தண்ணீர் கொதித்தது. அந்தத் தண்ணீரிலேயே எரியும் பஞ்சு மிதந்து மேலே ஏறி வெடிமருந்துக்குக் கிட்டப் போனது. கப்பலைக் கடலுக்கு இழுப்பதா, அங்கேயே மூழ்கடிப்பதா, தொடர்ந்து தண்ணீர் அடிப்பதா என்று இரண்டு மணித்தியாலம் ஓடியது. ஆளுக்கொரு அதிகாரி, ஆளுக்கொரு ஆலோசனை. எல்லோருக்கும் மேலே நின்று 'இதைச் செய்' என்று கட்டளையிட ஒருவர் இருக்கவில்லை. என்னைக் கேட்டால், அன்று தீயைவிடப் பெரிய ஆபத்து அதுதான்.

பின்னேரம் 4.06க்கு முதல் வெடிப்பு. 4.34க்கு இரண்டாவது, அது இன்னும் பெரியது. வெகு தூரத்திலுள்ள சிம்லாவின் பூகம்பப் பதிவுக் கருவியும் அதிர்வைக் காட்டியது. ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்று சனங்கள் ஓடினார்கள். சுற்றியிருந்த கப்பல்களும் தானியக் களஞ்சியங்களும் எரிந்தன. இறந்தோர் எண்ணிக்கை 800 முதல் 1,300 வரை என்று பலவிதமாகச் சொல்லப்படுகிறது. தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர். ஏறத்தாழ 13 கிலோ எடையுள்ள ஒரு தங்கக் கட்டி பறந்து போய் ஒரு பார்சிக்காரரின் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. அவர் அதை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். தங்கக் கதையை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். கரையில் நின்ற கூலியாட்களின் சரியான கணக்கு இன்றுவரை இல்லை.

மூன்று வருடம் கழித்து, 1947 ஏப்ரல் 16இல், அமெரிக்காவின் டெக்சஸ் சிற்றியில் 'கிராண்ட்காம்ப்' என்ற கப்பலில் ஏறத்தாழ 2,300 தொன் அமோனியம் நைத்திரேற்று உரம் தீப்பிடித்தது. தண்ணீர் பட்டால் சரக்கு பழுதாகிவிடும் என்று அறையை மூடி நீராவியைச் செலுத்தினார்கள். காற்றை அடைத்தால் விறகுத் தீ அணையும். இந்த உரமோ தனக்கு வேண்டிய ஒட்சிசனைத் தன்னிடமே வைத்திருக்கிறது. மூடிய அறைக்குள் சூடேறி வெடித்தது. கிட்டத்தட்ட 580 உயிர்கள். 2020 ஓகஸ்ட் 4இல் பெய்ரூட்டை அழித்ததும் இதே இரசாயனம்தான். 2,750 தொன், துறைமுகக் களஞ்சியத்தில் ஏறத்தாழ ஆறு வருடம் கிடந்தது. கடிதங்கள் போயின, வந்தன. சரக்கு அசையவில்லை.

இப்படியான அனுபவங்களுக்குப் பிறகுதான் உலகம் ஒரு பொது விதிக்கு வந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு 1956இல் முதல் பரிந்துரைகளை வெளியிட்டது. 1965இல் கப்பல்களுக்கான சர்வதேச விதிக்கோவை வந்தது. ஆபத்தான பொருட்களை ஒன்பது வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு இலக்க எண் கொடுத்தார்கள். பெற்றோலுக்கு 1203. மண்ணெண்ணெய்க்கு 1223. நைத்திரிக்கமிலத்துக்கு 2031. பாஷை தெரியாதவனுக்கும் புரிய வேண்டும் என்பதற்காகச் சாய்சதுர வடிவில் அடையாளம்: தீப்பற்றும் திரவத்துக்குச் சிவப்பு, தீயைத் தூண்டும் பொருளுக்கு மஞ்சள், நஞ்சுக்கு மண்டையோடு, அரிக்கும் பொருளுக்குக் கையின் மேல் சொட்டும் திரவம். இந்த விதிகளின் உயிர் எதில் இருக்கிறது என்றால், எதை எதோடு சேர்த்து வைக்கக் கூடாது என்ற அட்டவணையில்.

வெடிப்பே இல்லாமலும் இந்த அட்டவணை உயிரை எடுக்கும். 1958இல் கேரளத்தில் கோதுமை மாவு சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாவு மூட்டைகள் வந்த அதே கப்பலில் 'பொலிடோல்' என்ற பூச்சிமருந்தும் வந்திருக்கிறது. மருந்து கசிந்து மூட்டையில் ஊறியது. மாவில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு விசாரணைக் குழு அமைத்து, 1968இல் இந்தியா பூச்சிமருந்துகளுக்குத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. வயலுக்குப் போகும் லொறியில் ஒரு பக்கம் மருந்துப் பெட்டி, மறு பக்கம் அரிசி மூட்டை என்று ஏற்றுகிறோமே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேரளச் சம்பவம்தான் மனதில் வரும்.

விதி வந்து அரை நூற்றாண்டு கழித்து நம் கடலிலேயே நடந்தது 'எக்ஸ்பிரஸ் பேர்ல்'. 2021இல் கட்டிய புத்தம் புதுக் கப்பல். 1,486 கொள்கலன்களில் 81 ஆபத்தான பொருட்கள் கொண்டவை. டுபாயின் ஜெபல் அலியில் ஏற்றிய நைத்திரிக்கமிலக் கொள்கலன் ஒன்று கசிவதை மே மாதம் நடுப்பகுதிக்கு முன்னரே மாலுமிகள் கண்டுவிட்டார்கள். கத்தாரின் ஹமத் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசீராவிலும் அதை இறக்கக் கேட்டும் நடக்கவில்லை. அமிலம் ஒழுக ஒழுகக் கப்பல் கொழும்புக்கு வந்தது. மே 20 தீ. மே 25 வெடிப்பு. ஜூன் 2ஆம் திகதி ஆழ்கடலுக்கு இழுக்கும்போது பின்பகுதி தரை தட்டியது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்திக் மணிகள் கடலில் கொட்டின. நீர்கொழும்பு மீனவர்கள் வலையை மடித்து வைத்ததும், கரையில் ஆமைகள் செத்து ஒதுங்கியதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2025 ஜூலையில் நமது உயர் நீதிமன்றம் ஒரு பில்லியன் அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த உத்தரவிட்டது.

அடையாளம் இருந்தது, எண் இருந்தது, பத்திரம் இருந்தது. முதல் கசிவு தெரிந்த அன்றே அந்த ஒரு பெட்டியைப் பொறுப்பெடுக்க ஒரு துறைமுகம் இருக்கவில்லை. பம்பாயில் கட்டளையிட ஆளில்லாமல் போனதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த சட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பள்ளிவாசலுக்கோ சந்தைக்கோ அம்புகளோடு வருபவர் அவற்றின் முனையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், யாருக்கும் காயம் பட்டுவிடக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை புஹாரி, முஸ்லிம் கிரந்தங்களில் காண்கிறோம். அம்பு கொண்டுவர வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படிக் கொண்டுவர வேண்டும், பொறுப்பு யாருடையது என்று சொன்னார்கள். சுமப்பவனுடையது.

இனி நம் ஊர் விஷயம். கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடர் வாளியும், டொய்லட் கழுவும் அசிட் போத்தலும், தின்னரும், மண்ணெண்ணெயும் ஒரே தட்டில் இருக்கும் கடைகள் நம்மிடம் உண்டு. பிளீச்சிங் பவுடரில் அசிட் பட்டால் குளோரின் வாயு வரும். பூட்டிய ஸ்டோருக்குள் அது ஓர் ஆளை விழுத்தப் போதும். 2022இல் பெற்றோல் வரிசை காலத்தில் வீட்டு அறைகளுக்குள் கேன்களில் சேர்த்து வைத்தோம். அந்தப் பழக்கம் சில இடங்களில் இன்னும் போகவில்லை.

சாதாரண தரம் எழுதிவிட்டுப் புறக்கோட்டையில் நாட்டாமை வேலைக்குப் போகும் பிள்ளைகளும், கத்தார், டுபாய் வேர்ஹவுஸ்களுக்குப் போகும் பிள்ளைகளும் என் வகுப்பில் இருந்து போனவர்கள்தான். பெட்டியில் இருக்கும் சாய்சதுரத்தை வாசிக்கத் தெரியாமல்தான் தூக்குகிறார்கள். இந்தத் தவணையில் பாடசாலை விட்ட பிறகு ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, பயணம் போக இருப்பவர்களுக்கு இந்த ஒன்பது வகுப்புகளையும் சொல்லிக்கொடுக்க நினைத்திருக்கிறேன். கட்டணம் இல்லை. பெயரை உள்பெட்டியில் அனுப்புங்கள்.

பவுசர் ஓட்டியவர்கள், துறைமுகத்தில் வேலை செய்தவர்கள் நம் ஊரில் பலர் இருக்கிறார்கள். அந்த வகுப்புக்கு நீங்களும் வந்து உங்கள் அனுபவத்தைப் பேச முடியுமென்றால் கீழே எழுதுங்கள். வர்த்தக சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஸ்டோர் விஷயத்தையும் எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடைக்காரர்கள் அதற்கு முன்னர் ஒருமுறை உங்கள் தட்டுகளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வஸ்ஸலாம்.