மலையகமும் மைதானமும்

பட்டிப்பொல, இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம். கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கும் மேலே, நானுஓயாவுக்கும் ஒகியாவுக்கும் இடையே, பனிமூட்டத்தினுள் ஒடுங்கி நிற்கிறது. திரும்பிய பக்கமெல்லாம் சரிவு. வண்டியிலிருந்து இறங்குகிறவனின் கண்ணிற்படும் முதற் சமதரை அந்த நிலைய மேடைதான். அதுவும் மலையை வெட்டி எடுத்தது.

இத்தகைய மலையகச் சிற்றூர்களிலே ஒரு தோட்டத்துப் பிள்ளை பல்கலைக்கழகம் புகுந்தாலோ, ஓட்டப் போட்டியில் பதக்கம் பெற்றாலோ, அது ஒரு வீட்டின் மகிழ்ச்சியாக நின்றுவிடுவதில்லை. கடைத்தெருவில் படம் வைத்து வாழ்த்துகிறார்கள். கோயில் திருவிழாவில் மாலையிடுகிறார்கள். இப்பெருமையைச் சிறுமை என்று எள்ளி நகைக்கும் நகரத்து அறிஞர் சிலர் உண்டு. அவர்கள் மலையகத்தின் சரித்திரம் அறியாதவர்கள். இங்கே பள்ளிக்கூடத்தின் கதையும் விளையாட்டின் கதையும் இறுதியில் நிலத்தின் கதையாகவே முடிகின்றன.

மலைநாட்டிலே சமதரை என்பது கிடைத்தற்கரிய செல்வம். அச்செல்வம் எவ்வாறு பங்கிடப்பட்டது? தொழிற்சாலைக்கு ஒரு பங்கு. துரையின் பங்களாப் புல்வெளிக்கு ஒரு பங்கு. கழக மைதானங்களுக்கு ஒரு பங்கு. டிக்கோயாவுக்கருகே தரவளையிலும், நுவரெலியாவுக்குப் போகும் வழியில் ரதல்லையிலும் தோட்டத் துரைமார் கிரிக்கெட்டும் ரக்பியும் ஆடி மகிழ்ந்தனர். நுவரெலியாவில் 1889-இல் கோல்ப் கழகமே தோன்றிவிட்டது. கோல்ப் விளையாட்டுக்கு எத்தனை ஏக்கர் வேண்டும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். லயங்களோ சரிவிலே தொங்கின. தொழிலாளிக்கென்று இருந்த ஒரே வெளி பிரட்டுக்களம். விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு விரட்டும் அந்த இடமே மாலையில் பிள்ளைகளின் விளையாட்டரங்கமாயிற்று.

பள்ளிக்கூடமும் இந்தப் பங்கீட்டின்படியே அமைந்தது. 1907-இல் வந்த கிராமப் பாடசாலைச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையிடம் ஒப்படைத்தது. எவனுக்குச் சிறு கைகளின் உழைப்பு தேவையோ, அவனிடமே அக்கைகளில் ஏடு கொடுக்கும் கடமையும் ஒப்படைக்கப்பட்டது! விளைவை ஊகிப்பது கடினமன்று. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள். 1945-இல் இலவசக் கல்வி நாடெங்கும் கொண்டாடப்பட்டபோது தோட்டப் பாடசாலைகள் அதன் வாசலுக்கு வெளியே நின்றன. 1960-61-இல் மதச் சபைகளின் பள்ளிகளை அரசாங்கம் ஏற்றபோதும் அவை வெளியேதான். 1977 முதற்கொண்டே அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன.

இடையே நிகழ்ந்தது இன்னும் கொடிது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு லட்சம் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமோ 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனத் தலைகளை எண்ணிப் பிரித்தது. ஒரே வகுப்பில் அமர்ந்தவர்கள், ஒரே களத்தில் பந்துதைத்தவர்கள், தலைமன்னார் வண்டியில் ஒருவரையொருவர் பிரிந்தார்கள். எந்தப் பிள்ளை நாளை நம்மோடிருக்கும் என்று தெரியாத பள்ளியில் எந்த ஆசிரியர் ஓர் அணியைக் கட்டி வளர்ப்பார்?

இந்தப் பின்னணியிலேதான் முத்தையா முரளிதரனின் கதையைப் பார்க்க வேண்டும். அவருடைய பாட்டனார் 1920-இல் தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்; பின்னர் திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பியவர். இங்கேயே தங்கிவிட்ட மகன் கண்டிக்கருகே பிஸ்கட் தொழில் நடத்தினார். பேரன் படித்தது பெனடிக்ற் துறவியர் தோற்றுவித்த கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். முதலில் மிதவேகப் பந்து வீசிய அந்தச் சிறுவனை, ஏறத்தாழ பதினான்கு வயதில், சுழற்பந்துக்குத் திருப்பியவர் பள்ளிப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. 1992-இல் டெஸ்ட் அரங்கேறிய முரளிதரன், 2010 ஜூலையில் காலியில் தமது கடைசிப் பந்தில் 800-ஆவது விக்கெட்டை வீழ்த்தினார்.

மலையக மக்கள் அவரைத் தம்மவராகப் போற்றுவது இயல்பே. எனினும் ஓர் உண்மையை நாம் மறைக்கலாகாது. அவர் தோட்டப் பாடசாலையின் பிள்ளையல்லர். தோட்டத்தை விட்டு வெளியேற ஒரு தலைமுறைக்குக் கிடைத்த வாய்ப்பு, அடுத்த தலைமுறைக்கு மைதானத்தையும் பயிற்றுநரையும் பெற்றுத் தந்தது. அந்தப் பயிற்றுநரின் கண்ணுக்கு எட்டாத மணிக்கட்டுகள் எத்தனை பிரட்டுக்களத்தோடு முடிந்துபோயினவோ!

கிரிக்கெட் மைதானத்துக்கு எல்லை எழுபது கெஜம் என்று வைத்தால், மூன்று ஏக்கருக்கு மேல் சமநிலம் வேண்டும். கரப்பந்தாட்டக் களமோ 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். இரண்டு லயங்களுக்கு நடுவே அது அடங்கிவிடும். தோட்டங்களில் கரப்பந்தாட்டம் வேரூன்றியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. நெடுந்தூர ஓட்டத்துக்கோ அதுவும் வேண்டியதில்லை. ஹட்டன் பகுதியிலிருந்து புறப்பட்டுத் தேசிய அரங்கில் நெடுந்தூர ஓட்டக்காரராகப் பெயர் பெற்ற குமார் சண்முகேஸ்வரனை நினைத்துப் பாருங்கள். மலைப்பாதையே மைதானமாகிவிடும் ஒரு விளையாட்டிலே நம் பிள்ளை முன்னுக்கு வந்தது தற்செயலன்று.

இங்கே பாடஞ் சொல்லும் ஆசிரியரே பெரும்பாலும் பயிற்றுநருமாகிறார். 1992-இல் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தோன்றிய பின்னர், தோட்டத்திலே பிறந்து தோட்டத்துக்கே ஆசிரியராகத் திரும்பும் இளைஞர் பலர் உருவாயினர். பாடவேளை முடிந்த பிறகு ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் இவர்களின் பெயர் வாழ்த்துப் பலகையில் இடம் பெறுவது அரிது. படத்தில் மாணவன் மட்டுமே சிரிக்கிறான்.

சரிவிலே கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளுக்கென்று ஒரு தனிச் சட்டம் உண்டு. மலையகத்தில் வளர்ந்த வாசகர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். பந்தைத் தூக்கி அடித்துப் பள்ளத்துத் தேயிலைக்குள் விழுத்தினால் ஆறு ஓட்டமில்லை. அடித்தவன் ஆட்டமிழந்தவன், பந்தைத் தேடி எடுத்து வருவதும் அவனே.